பித்தளையில் ஈயம் எப்படி ஒட்டுகிறது?

பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமியார் கொடுத்த பித்தளைப் பானையில் மலைப்பூண்டைத் தட்டிப் போட்டு ரசம் வைத்தாராம். மீந்த ரசத்தை ராத்திரி வேறு பாத்திரத்துக்கு மாற்ற மறந்துவிட்டார். காலையில் பார்த்தால், ரசம் நின்ற மட்டத்தில் பானையின் உட்புறம் சுற்றிலும் ஒரு பச்சைக் கோடு. ரசத்தைக் கொட்டிவிட்டாராம். "ஈயம் தேஞ்சு போச்சு, பூசாம இதுல புளி ஊத்தாதேன்னு அத்தை சொல்றாங்க. ஈயம்னா லெட், அது விஷம்னு காலேஜ் படிக்கிற பையன் சொல்றான். யார் சொல்றதைக் கேக்கிறது?"

முதலில் பச்சைக் கோட்டைப் பார்த்துவிடலாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். செம்பு ஹைட்ரஜனைவிட வினைத்திறன் குறைந்தது என்று பள்ளியில் படித்திருப்போம். அதனால் புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் தனியாக நின்று செம்பைக் கரைத்துவிட முடியாது; கூட ஆக்சிஜன் வேண்டும். ரசம் கொதிக்கும்போது அதில் கரைந்திருந்த ஆக்சிஜன் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. இறக்கி வைத்து ஆற ஆற, காற்றிலிருந்து மறுபடி உள்ளே போகிறது. நீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு அதிகமாக ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். மலை ஊரின் இரவுக் குளிரைச் சொல்லவா வேண்டும்! ரசத்தின் விளிம்பில் பானைச் சுவரோடு ஒட்டி ஏறும் மெல்லிய நீர்ப்படலத்துக்குக் காற்று மிகச் சுலபமாகக் கிடைக்கும். ஆகவே செம்பு அங்கேதான் அதிகம் கரைகிறது, பச்சையும் அங்கேதான் படிகிறது. ஒரு மணி நேரம் கொதித்ததைவிட ஒரு ராத்திரி சும்மா நின்றது மோசம். அந்த ரசத்தைக் கொட்டிவிட்டது நல்ல காரியம். செம்பு அதிகம் கரைந்த உணவு குமட்டலையும் வாந்தியையும் கொண்டுவரும்.

சரி, ஈயத்துக்கு வருவோம். அத்தை சொல்வது சரி. பையனின் பயமும் நியாயமானது. குழப்பம் சொல்லில் இருக்கிறது. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு தனிமங்களுக்கு வழங்குகிறது. வெள்ளீயம் என்பது டின், அணு எண் 50. காரீயம் என்பது லெட், அணு எண் 82. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். ஈயச்சொம்பும் அதே வெள்ளீயம்தான். காரீயம் நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் நஞ்சு, அதிலும் குழந்தைகளுக்கு. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டுப் பழகியதால் நல்ல பழக்கத்தைக் கைவிட்டவர்களும் உண்டு, கெட்ட பூச்சை வீட்டுக்குள் விட்டவர்களும் உண்டு.

ஈயம் பூசுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? சமவெளியிலிருந்து மலையேறி வந்த ஒருவர் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் சாலையோரம் கரி அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார். நான் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். முதல் வேலை தேய்ப்பது. மணலும் பழந்துணியும் போட்டு, பானைக்குள் காலை வைத்து இடுப்பைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். கறை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போய் மஞ்சள் தெரிந்தது. அப்புறம் துருத்தி ஊதிய நெருப்பில் பானையைக் காட்டினார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பித்தளையைச் சூடாக்கினால் காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டு, தேய்த்த இடமெல்லாம் மறுபடி ஆக்சைடு படலம் உண்டாகும். உருகிய ஈயத்துக்கு அந்தப் படலம் ஆகாது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதுபோல உருண்டு விலகும். உருகிய வெள்ளீயத்தின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைப்போல ஏழெட்டு மடங்கு. தானாக அது பரவாது, குண்டுமணியாய்த் திரளவே பார்க்கும்.

அந்த நேரத்தில் அவர் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைத் தூவினார். குப்பென்று வெண்புகை கிளம்பியது, மூக்கில் சுருக்கென்று ஏறியது. அதுதான் நவச்சாரம், அம்மோனியம் குளோரைடு. 338 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது உருகாமல் நேராக ஆவியாகி அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. ஹைட்ரஜன் குளோரைடு ஆக்சைடைத் தின்று குளோரைடாக மாற்றுகிறது. பித்தளையின் துத்தநாக ஆக்சைடு இப்படி துத்தநாகக் குளோரைடாக மாறுகிறது. பற்றவைப்பவர்கள் உலோகத்தைச் சுத்தம் செய்யத் தனியாக வாங்கி வைத்திருக்கும் சரக்கே அதுதான்! எந்த உலோகம் அழுக்கானதோ, அதே உலோகத்திலிருந்து அந்த அழுக்கை நீக்கும் மருந்து பிறக்கிறது. நாம் பார்க்கும் வெண்புகை, மிஞ்சிய இரண்டு வாயுக்களும் குளிர்ந்த காற்றில் மறுபடி சேர்ந்து உண்டாகும் நவச்சாரத் துகள்கள். பிரிந்து போய் வேலையை முடித்துவிட்டு மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

புகை கலைவதற்குள் ஈயக்குச்சியை உட்புறத்தில் ஓர் இழுப்பு இழுத்தார். 232 டிகிரியில் உருகுகிற உலோகம், பட்டதும் சொட்டாக நின்றது. பஞ்சால் ஒரே வீச்சு. மஞ்சள் பானை வெள்ளியாகிவிட்டது! அதைப் பார்த்த கணத்தில் என் பக்கத்தில் நின்ற பள்ளிப்பிள்ளை "ஐயோ" என்று கத்திவிட்டான்.

சுவரில் சுண்ணாம்பு ஒட்டுவதுபோல அந்த ஈயம் ஒட்டியிருக்கவில்லை. ஆக்சைடு விலகிய இடத்தில் ஈய அணுக்கள் செம்பு அணுக்களை நேருக்கு நேர் சந்திக்கின்றன. உடனே ஆறு செம்பு அணுவுக்கு ஐந்து ஈய அணு என்ற கணக்கில் ஒரு புதிய சேர்மம் எல்லையில் உருவாகிறது. ஈயமும் இல்லை, செம்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவே முளைத்த மூன்றாவது உலோகச் சேர்மம். அந்தச் சேர்க்கையில் வெளிப்படும் ஆற்றல்தான் பரப்பு இழுவிசையை மீறி ஈயத்தைப் பரவ வைக்கிறது. பூச்சின் தடிமன் தலைமுடியைவிடக் குறைவு. ஆனாலும் விரலால் சுரண்டி எடுக்க முடியாது, வேர் விட்டிருக்கிறது.

பானை குளிர்ந்த பிறகும் இந்த வேர் வளர்வது நிற்பதில்லை. திட நிலையிலேயே அணுக்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்; சூட்டில் வேகமாக, ஆறிக் கிடக்கும்போது மிக மெதுவாக. வெள்ளீயம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சேர்மமாக மாறிப்போகும். தேய்மானத்தோடு இதுவும் சேர்ந்துதான் நாளாக ஆகப் பூச்சு மங்கிச் சாம்பல் நிறமாகிறது. மஞ்சள் எட்டிப்பார்த்தால் மறுபடி பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பூசிய பாத்திரத்துக்கு ஒரு எதிரி உண்டு, வெறும் அடுப்பு. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீர் இருக்கும்வரை பானையின் உட்புறம் அதை அதிகம் தாண்டாது, ஈயம் உருக 232 வேண்டும். ஆனால் காலிப் பாத்திரம் காஸ் அடுப்பில் சில நிமிடங்களில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். எங்கள் வீட்டில் ஒருமுறை தாளிக்கப் பித்தளைக் கிண்ணத்தை வைத்துவிட்டு எண்ணெய் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அடியில் ஈயம் முத்து முத்தாய்த் திரண்டிருந்தது. தாளிப்பதைத் தனியாக இரும்புக் கரண்டியில் தாளித்துக் கொட்டுவதே நல்லது.

இனி பையனின் பயம். காரீயம் விலை குறைவு. வெள்ளீயத்தில் அதைக் கலந்தால் உருகுநிலையும் இறங்கி, பூசுவதும் சுலபமாகும். ஏமாற்ற நினைப்பவருக்கு இரண்டு லாபம். நான் கேட்டதும் மூஞ்சிக்கல்காரர் ஒரு தடித்த ஈயக்கட்டியை நீட்டி, "காதுகிட்ட வச்சு வளைச்சுப் பாருங்க சார்" என்றார். நறநறவென்று ஒரு சத்தம். படிகங்கள் சட்டென்று திசை மாறி மடங்கும் ஓசை அது. சுத்த வெள்ளீயம் இப்படி முனகும், காரீயம் வாயைத் திறக்காது. காரீயம் வெள்ளைக் காகிதத்தில் கோடும் இழுக்கும். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்தச் சத்தத்தால்தான்.

ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் காதும் காகிதமும் போதாது. இங்கே எனக்கு ஆதங்கம் உண்டு. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்கென்று கோடுகளை விட்டுச்செல்லும். இதே மலையில், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அப்படிப்பட்ட நிறமாலைக் கோடுகளைப் படித்துத்தான். நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவியும் ஒவ்வொரு உலோகமும் வெளியிடும் கோடுகளைத்தான் படிக்கிறது. சங்கிலிக்கு வசதி செய்துவிட்ட நாம், குழந்தை சாப்பிடும் பாத்திரத்துக்குச் செய்யவில்லை. மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியில் இப்படி ஒரு கருவி வைத்து, ஈயக்குச்சியையும் பழைய பாத்திரங்களையும் இலவசமாகச் சோதித்துத் தர ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்பவருக்கும் அது பாதுகாப்பு.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஈயம் பூசினால் பித்தளையின் சத்து உணவில் இறங்காது, அதனால் பூசாமல் சமையுங்கள் என்கிறார்கள். செம்பு அயனிகள் தண்ணீரில் கிருமியைக் கொல்வது உண்மை. அதை வைத்துக்கொண்டு புளிக்குழம்பையும் மோரையும் பூச்சில்லாத பித்தளையில் ஊற்றச் சொல்வது ஆபத்தான பேச்சு. குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவே லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான். நம் பாட்டிமார் பித்தளையைக் கொண்டாடினார்கள், கூடவே ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தால் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். முதல் பாதியை மட்டும் பாரம்பரியம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

பண்ணைக்காட்டு வாசகிக்கு: பானையைப் பூசக் கொடுங்கள், அதுவரை அதில் தண்ணீர் காய்ச்சலாம். கொடுக்கும்போது பையனையும் கூட்டிப்போய்க் கட்டியை அவன் கையில் கொடுத்து வளைக்கச் சொல்லுங்கள். பூசி வந்ததும் ரசம் வையுங்கள், மிச்சத்தை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.