ஆத்ம திருப்தி: ஆத்மாவை நம்பாதவருக்கு என்ன சொல்?

மறைந்த ஒருவரைப் பற்றி ஒரு முறை சிறு குறிப்பு எழுதினேன். கடவுள், மறுபிறப்பு எதையும் நம்பாதவர் அவர். கடைசி வரியில் 'ஆத்ம திருப்தியோடு வாழ்ந்தார்' என்று முடித்திருந்தேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் அந்த இரண்டு சொல்லையும் சிவப்பு மையால் வட்டமிட்டார். "ஆத்மாவே கிடையாதுன்னு சொன்ன மனுஷன். திருப்தி யாருக்குத் தம்பி?" என்றார்.

பேச்சில் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம் இல்லைதான். 'சம்பளம் குறைவு, ஆனா ஆத்ம திருப்தி இருக்கு' என்பவர் உயிர் எங்கே போகும் என்று யோசித்துச் சொல்வதில்லை. யார் மெச்சினாலும் மெச்சாவிட்டாலும் தனக்கே உள்ளுக்குள் சரியென்று படுவதைச் சொல்கிறார். வடமொழியிலும் 'ஆத்மன்' என்பது 'தான், தன்னை' என்ற பொருளில் சாதாரணமாக வரும். ரிக் வேதத்தில் மூச்சைக் குறித்தும் வருகிறது. அழியாத உயிர் என்ற பொருள் உபநிடதங்களில்தான் ஓங்கியது. ஆகவே ஆத்மாவை மன்னித்துவிடலாம். எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது திருப்தி.

இதில் உள்ள 'திரு'வுக்கும் நம்முடைய 'திரு'வுக்கும் உறவில்லை. கிருபை, கிருஷ்ணன் போன்ற சொற்களில் வரும் அதே வடமொழி உயிரெழுத்துதான் தமிழில் 'ரு' என்று ஒலிக்கிறது. வேர் 'த்ருப்'. வயிறு நிரம்புதல், போதும் என்றாகுதல் என்று பொருள். தர்ப்பணமும் இதே வேரில் பிறந்ததுதான். திருப்திப்படுத்துதல் என்பதே அதன் நேர்ப்பொருள். ஒரே வேரிலிருந்து இருப்பவருக்கு ஒரு சொல், இறந்தவருக்கு ஒரு சொல்.

இன்னொன்று. மனநிறைவு என்ற பொருளுக்கு வடமொழியில் பேர்பெற்ற சொல் சந்தோஷம். யோக சூத்திரம் கடைப்பிடிக்க வேண்டிய நியமங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறது. தமிழுக்கு வந்ததும் அது மகிழ்ச்சி என்று குதிக்க ஆரம்பித்துவிட்டது. காலியான இடத்தில் திருப்தி உட்கார்ந்துகொண்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தன்னிறைவு' என்று நேராகப் பெயர்த்தால் உணவு உற்பத்திதான் ஞாபகம் வரும். 'அமைதி' வேறு சங்கதி. வேரின் பொருளுக்கு மிகவும் நெருங்கி வருவது 'ஆர்தல்': நிறைதல், உண்ணுதல், துய்த்தல். இன்று அது வினையாகத் தனித்து நடமாடவில்லை, ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. வயிறார, வாயார, கண்ணார, காதார, மனமார. கவனித்தால், ஒவ்வொன்றும் உடம்பில் ஓர் இடத்தில் நிறைகிறது. பேரப்பிள்ளையைக் கண்ணாரப் பார்த்தேன் என்றால் இந்தக் கண், இந்த நேரம். பிறகு ஒரு நாள் கிடைக்கும் என்று தள்ளிப்போட அந்தச் சொல்லில் இடமே இல்லை.

பெயர்ச்சொல் வேண்டுமென்றால் நிறைவு, மனநிறைவு. பெரியவர் ஓரத்தில் எழுதியதும் 'நிறைவாக வாழ்ந்தார்' என்றுதான். நான் விடவில்லை. "நிறைவுன்னா முடிவுன்னும் அர்த்தம் ஆகுமே ஐயா? நிறைவு விழா, நிறைவுரை..." என்றேன். "அதுக்குத்தான் போட்டேன்" என்றார்.

மறுமை இல்லை என்பவரின் நிறைவு எதன்மேல் நிற்கும் என்று கேட்பவர்கள் உண்டு. மறுமை என்பதில் உள்ள 'மறு', இம்மைக்கு எதிரே நிற்கும் 'இன்னொன்று'. அதை எடுத்துவிட்டால் செய்த நல்லதற்குக் கணக்கு தீர்க்க ஆளில்லையே என்பது அவர்கள் கவலை. கணக்கே வேண்டாம் என்ற குரல் பழந்தமிழிலேயே இருக்கிறது. 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்' என்கிறார் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் (புறநானூறு 134). மறுமைப் பயனை எண்ணிக் கொடுப்பது அறத்தை விலைக்கு விற்கும் வியாபாரம். ஆய் என்ற வள்ளல் அப்படிப்பட்டவன் அல்லன். 'அறவிலை வணிகன்' என்ற தொடருக்கு ஈடாக இன்றுவரை ஒரு கிண்டலை நான் படித்ததில்லை. குறள் 222 இன்னும் நேராகவே பேசுகிறது: 'மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று'. இதை வைத்து வள்ளுவரை மறுமை மறுப்பாளர் ஆக்கிவிட முடியாது; மற்ற குறள்களில் மறுமை தாராளமாக வருகிறது. கொடுப்பதன் நிறைவு கொடுக்கும்போதே கிடைத்துவிடுகிறது என்பது வரைக்கும்தான் இந்த வரி நமக்குத் துணை.

மறுமையை வெளிப்படையாக மறுப்பவர் மணிமேகலையில் வருகிறார், பூதவாதி. பூதங்களின் சேர்க்கைதான் உயிர், கண்ணால் காண்பதே சான்று, அனுமானம் செல்லாது என்பவர். இம்மையும் அதன் பயனும் இந்தப் பிறப்போடு சரி, மறுமையில் வினையின் பயனை நுகர்வது பொய் என்பது அவர் கட்சி. கதையில் அவருக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்டு மடக்கிவிடுகிறாள். வாதத்தில் தோற்றாலும், ஒரு காப்பியம் அவரைப் பேச விட்டிருக்கிறது.

எதிர்ச்சொல்லையும் சொல்லிவிடுகிறேன். அதிருப்திக்கு 'நிறைவின்மை' என்று எழுதினால் பாடநூல் வாடை அடிக்கும். குறை, மனக்குறை போதும். பேச்சில் நிறைவைக்கூட நாம் அந்தப் பக்கமாகப் போய்த்தான் சொல்கிறோம். மூன்று வருடம் கழித்து அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். வேலையை விட்டிருந்தார், உடம்பு பாதியாகியிருந்தது. எப்படி இருக்கீங்க ஐயா என்றேன். "ஒரு குறையும் இல்லப்பா" என்றார். அப்புறம் மடியில் கிடந்த செய்தித்தாளைத் திருப்பிக் காட்டினார். மூன்று இடத்தில் சிவப்பு வட்டம்.