சீக்வல்: இரண்டாம் பாகமா, தொடர்ச்சியா, பின்கதையா?

பேய்ப்படம் ஒன்றின் பெயருக்குப் பின்னால் ‘2’ என்னும் எண் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், பாளையங்கோட்டைத் தேநீர்க் கடைகளில் அதைப் பற்றி எழும் முதற்கேள்வி “மொதப் படம் மாதிரி இருக்கா அண்ணாச்சி?” என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலும் கிடைக்கும் விடையும் ஒன்றே: “அதுக்கு இது உறை போடக் காணாது.” இந்தத் தீர்ப்பு நியாயமானதா என்று ஆராய்வதற்கு முன்னால், தீர்ப்புக்கு உள்ளான பொருளின் பெயரைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது, ஏனெனில், திரைத்துறையினர் வாயில் நிலைத்துவிட்ட ‘சீக்வல்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குள் நாம் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல பொருள்களைத் திணித்து வைத்திருக்கிறோம்.

அச்சொல்லின் வேர் ‘பின்தொடர்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையான ‘செக்வி’ ஆகும். அதிலிருந்து ‘செக்வெலா’ என்னும் பெயர்ச்சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தபோது, ஒருவர் பின்னால் வரும் பரிவாரத்தையே முதலில் குறித்தது. பின்னர் ஒரு செயலின் விளைவைக் குறித்தது. ஒரு கதைக்குப் பின் வரும் கதை என்னும் பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் அதற்கு வந்து சேர்ந்தது. மன்னனின் துணையாகிய அமைச்சனைக் குறிக்கும் வடமொழிச் ‘சசிவ’ என்பதும் இந்த வேரின் தொலைதூர உறவுதான். மருத்துவர்களோ ‘செக்வெலா’ என்னும் பழைய வடிவத்தையே இன்றும் வைத்திருக்கிறார்கள். நோய் நீங்கிய பின்னும் உடம்பில் தங்கிவிடும் பாதிப்பு, அதாவது பின்விளைவு, அவர்களுக்குச் செக்வெலா. இளம்பிள்ளைவாதக் காய்ச்சல் போன பிறகும் சூம்பியே இருந்துவிடும் கால் அதற்கு எடுத்துக்காட்டு. பேய்ப்படத்தின் சீக்வலுக்கு இதைவிடப் பொருத்தமான பழம்பொருள் கிடைக்காது என்பது என் எண்ணம்.

தமிழில் நாம் வழங்கும் ஈடுகளுள் மிகப் பரவலானது ‘இரண்டாம் பாகம்’ என்பது. பாகம் என்றால் பங்கு. தென்காசிப் பக்கம் வயலைப் பாகம் பிரிப்பதும், தாமிரபரணிக் கரையில் தோட்டத்தைப் பாகம் பிரிப்பதும் ஏற்கெனவே முழுதாக இருக்கும் ஒன்றைக் கூறுபோடுவதுதான். ஆகவே, ஒரே கதையை முதலிலேயே இரண்டாகத் திட்டமிட்டுப் பிரித்து எடுத்த படங்களுக்கு அச்சொல் பொருந்தும். ‘சுபம்’ போட்டு முடித்த படம் ஓடிவிட்டது என்பதற்காகப் பல ஆண்டுகள் கழித்து எழுதப்படும் கதைக்கு அது பொருந்தாது. ‘தொடர்’ என்று சொன்னால் தொலைக்காட்சி நெடுந்தொடர்தான் நினைவுக்கு வருகிறது. ‘தொடர்ச்சி’ என்பது குறையற்ற சொல்லே. ஆனால், விட்ட இடத்திலிருந்து பிடிப்பதை மட்டுமே அது சொல்கிறது. விளைவு என்னும் சாயல் அதில் இல்லை.

இலக்கணம் படித்தவர்கள் நன்னூலின் ‘வழிநூல்’ என்பதை நினைவூட்டக்கூடும். “முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி” அமைவது வழிநூல் என்கிறது அது. முன்னவர் முடிபை ஏற்றுக்கொண்டு, பின்னவர் தமக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்ப்பதென்றால், அது மறுஆக்கத்துக்கே உரிய இலக்கணம். 1993ஆம் ஆண்டின் மலையாளப் படமான ‘மணிச்சித்ரத்தாழ்’ கன்னடத்தில் 2004இல் ‘ஆப்தமித்ரா’வாகவும், தமிழில் 2005இல் ‘சந்திரமுகி’யாகவும் வந்தனவே, அவற்றை வழிப்படங்கள் எனலாம். சீக்வலுக்கு அச்சொல் உதவாது.

என் பரிந்துரை ‘பின்கதை’ என்பது. வார இதழ்த் தொடர்கதை படித்த தலைமுறைக்கு ‘முன்கதைச் சுருக்கம்’ நன்கு பழகிய தொடர். ‘பிரீக்வல்’ என்பதற்கு முன்கதை என்றும், சீக்வலுக்குப் பின்கதை என்றும் வைத்துக்கொண்டால் இரண்டும் இணையாக நிற்கும். ‘பின்’ என்பது காலத்தால் பிந்தியதையும் குறிக்கும், ‘பின்விளைவு’ என்பதிலுள்ள பயனையும் நினைவூட்டும். பின்கதை நமக்குப் புதிய வகையுமன்று. “மணிமேகலைமேல் உரைப்பொருள் முற்றிய சிலப்பதிகாரம் முற்றும்” என்று சிலப்பதிகாரத்தின் நூற்கட்டுரை முடிகிறது. அதாவது, ‘முற்றும்’ என்று எழுதும்போதே மிச்சப்பொருள் எங்கே கிடக்கிறது என்று சுட்டிவிடுகிறது. கோவலன் கொலையின் பின்விளைவுதான் மாதவி மகளின் துறவு. அந்த மணிமேகலைக்குள்ளேயே, சுடுகாட்டில் பேயாட்டத்தைக் கண்டு அஞ்சி உயிர்விடும் சார்ங்கலனின் கதையும் இருப்பது, நம் பொருளுக்குக் கிடைத்த கொசுறு.

இனி அச்சத்துக்கு வருவோம். நகைச்சுவைப் படத்துக்கும் சண்டைப் படத்துக்கும் பின்கதை எழுதுவதைவிடப் பேய்ப்படத்துக்கு எழுதுவது ஏன் கடினமாகிறது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், “அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே” என்று, வருத்தும் தெய்வமாகிய அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் ஆகிய நான்கையும் அச்சத்தின் நிலைக்களன்களாக வகுக்கிறது. இவற்றுள் அணங்கு மட்டுமே கண்ணுக்கு அகப்படாதது. குறளின் காதலன் “அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ” என்று மயங்குவது காதலால்தான் என்றாலும், அணங்கு வாழும் இடம் அந்தக் ‘கொல்’ என்னும் ஐயமே என்பதை அவ்வடி காட்டிவிடுகிறது. முதற்படம் முழுவதும் அந்த ஐயத்தில்தான் ஓடுகிறது: வீட்டில் இருப்பது பேயா, பிரமையா, பொய்யா? இறுதிக் காட்சியில் ஐயம் தீர்கிறது. பின்கதைக்காரர் கையில் எஞ்சுவது பெயரும் முகமும் வரலாறும் தெரிந்துபோன ஒரு பேய். அதன் மேல் அவர் ஒலியைக் கூட்டுகிறார், ஒப்பனையைக் கூட்டுகிறார், விளக்கத்தையும் கூட்டுகிறார். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ 1973இல் உலகையே நடுங்கவைத்தது. 1977இல் வந்த அதன் பின்கதை, அந்தத் தீய சக்தியின் ஊர் உறவெல்லாம் தேடி ஆப்பிரிக்கா வரை போய் விளக்கி, சிரிப்புக்கு இடமானது.

‘சந்திரமுகி’யில் நடந்தது இன்னும் நுட்பமானது. 2005ஆம் ஆண்டுப் படத்தில் பேயே கிடையாது. கங்காவின் மனநோய்தான் சந்திரமுகியாக எழுந்து ஆடுகிறது. பேய் இல்லை என்று மருத்துவர் விளக்கிய பின்னும், அந்த மாடியறையை நினைத்தால் நமக்குள் ஏதோ ஒன்று அசைகிறதே, அதுதான் அப்படத்தின் வலிமை. 2023இல் அதே இயக்குநர் பி. வாசு எடுத்த இரண்டாவது படத்தில் உண்மையான ஆவிகளே வந்துவிடுகின்றன. முதற்படம் பாடுபட்டுக் கட்டிய ஐயத்தைப் பின்கதையே வந்து இடித்துப்போட்டால், “மொதப் படம் மாதிரி இல்லை” என்று சொல்பவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

எனினும், இந்தத் தீர்ப்பை எல்லாப் படங்களின் மேலும் சுமத்துவது சரியன்று. பல படங்கள் பின்கதைகளே அல்ல. ‘பீட்சா’ 2012இலும் அதன் ‘2’ 2013இலும் வந்தன. இரண்டுக்கும் கதையும் இயக்குநரும் வேறு, பெயர் மட்டுமே பொது. 2014 முதல் 2024 வரை நான்கு முறை வந்த ‘அரண்மனை’யில் ஒவ்வொரு முறையும் கதை புதிது. ‘காஞ்சனா’வின் எண்களோ தனி வேடிக்கை: 2007இல் ‘முனி’, 2011இல் ‘முனி 2: காஞ்சனா’, 2015இல் ‘காஞ்சனா 2’, 2019இல் ‘காஞ்சனா 3’ என்று, நான்காவதாக வந்த படம் மூன்றாம் எண்ணோடு நிற்கிறது. இவற்றை ‘வரிசைப் படம்’ என்று அழைப்பதே தகும். அமெரிக்காவிலும் ‘ஹாலோவீன்’ படங்களை ஆண்டுக்கொரு புதுக்கதையாக மாற்ற நினைத்து, 1982இன் மூன்றாம் படத்திலிருந்து முகமூடிக் கொலைகாரனை எடுத்துவிட்டார்கள்; பின்கதையை எதிர்பார்த்துப் போன மக்கள் அதை ஏற்கவில்லை, 1988இல் அவனைத் திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. பெயரில் நேர்ந்த குழப்பம் கல்லாவில் தெரிந்த இடம் அது.

முதற்படத்தை மிஞ்சிய பின்கதையே இல்லையா என்றால், இருக்கிறது. ஜேம்ஸ் வேல் 1931இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுத்தார். 1935இல் அவரே எடுத்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ முதற்படத்தைவிடச் சிறந்தது என்பது திறனாய்வாளர் பலரின் கருத்து. காரணம் எளிது. மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவலில், படைக்கப்பட்ட உயிர் தனக்கு ஒரு துணை வேண்டும் என்று கேட்கிறது. முதற்படம் அந்தக் கேள்வியைத் தொடாமலே விட்டிருந்தது. மிச்சம் இருந்தது, ஆகவே பின்கதைக்கு உயிரும் இருந்தது. தமிழில் ‘டிமான்ட்டி காலனி’யின் 2015ஆம் ஆண்டுக் கதைக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே இயக்குநர் அஜய் ஞானமுத்து எழுதிய இரண்டாவது படத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். முதற்படத்தின் இறப்புகளையே மீண்டும் திறந்து, அங்கிருந்து முடிச்சுப் போடுகிறது அது. முதற்படத்தின் ஓர் அறைக்குள் இறுகிக் கிடந்த அச்சம் இதில் இல்லை. ஆனால், பின்கதை என்னும் பெயருக்கு அது தகுதியுடையது.

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இது புதிய பாடமாக இருக்க வேண்டியதில்லை. கொடை விழாவில் வில்லடித்துப் பாடும் நீலி கதையைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: நகைக்காகக் காட்டில் கொல்லப்படும் பெண், அருகில் நின்ற கள்ளியைச் சாட்சி வைத்து உயிர்விடுகிறாள், மறுபிறவியில் அந்தக் கள்ளிக்கொம்பையே பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனாய்ப் பிறந்திருக்கும் கொலைகாரனைத் தன் கணவன் என்று பழையனூர் ஊரவை முன் வழக்காடிப் பழி தீர்க்கிறாள். முதற்பிறவிக் கதையைவிட மறுபிறவிக் கதைதான் குலையை நடுக்கும். சிறுவயதில், குடமும் உடுக்கையும் ஒலிக்கும் நள்ளிரவில், கள்ளிக்கொம்பு குழந்தையாகும் இடம் வந்ததும் நான் ஆச்சியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே முந்தானைதான். பந்தலில் இருக்கும் எல்லாருக்கும் கதை தெரியும், நீலி யாரென்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆயினும் அச்சம் குறையாததற்குக் காரணம், அந்தப் பின்கதை முதற்கதையின் கடனை வாங்க வந்திருப்பதுதான். தீராத பழி ஒன்று நடுவில் கிடக்கும்போது, புதிய பேய்க்கோ புதிய அரண்மனைக்கோ அங்கே தேவை ஏற்படுவதில்லை.

வழக்கில் எப்படிக் கையாள்வது என்பது ஒன்றே மீதம். முதற்கதையின் வினை தொடர்ந்தால் பின்கதை. அதற்கு முந்திய காலத்தைச் சொன்னால் முன்கதை. துணைப்பாத்திரம் ஒன்று பிரிந்து போனால் கிளைக்கதை. பெயரும் எண்ணும் மட்டும் தொடர்ந்தால் வரிசைப் படம். எங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்காரர் இந்த நான்கையும் ‘ரெண்டாவது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். அவரைத் திருத்தவும் எனக்கு மனமில்லை. ‘இரண்டாவது’ என்று பொருள்படும் இலத்தீன் ‘செகுந்துஸ்’ என்பதும், பின்தொடர்தலைக் குறிக்கும் அதே ‘செக்வி’யிலிருந்து பிறந்த சொல்தான்.