ஜக்கார்டு: பூத்தையல் தறியா, அட்டைத்தறியா?

ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் ஒரு கடையில் சால்வை மேல் குத்தியிருந்த சீட்டு: ‘பூத்தையல் தறியில் நெய்தது.’ துணி நெய்யும்போதே பூவையும் நெய்துவிடுகிற ஜக்கார்டு தறிக்கு இந்தப் பெயரை இந்த ஆண்டிலேயே மூன்றாவது தடவையாகப் பார்க்கிறேன்.

ஜக்கார்டு என்பது ஆள் பெயர். பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் கொண்டுவந்த கருவி, அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

சரி, தையல் எங்கே வந்தது? நெய்து முடித்த துணியில் ஊசியால் போடுவதுதான் பூத்தையல். நீலகிரிக்காரருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இங்குள்ள பழங்குடிகளான தோடரின் மந்துகளில், அதாவது அவர்கள் குடியிருப்புகளில், பெண்கள் வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, வரைந்துகொள்ளாமலே, சிவப்பும் கறுப்புமாகப் பூப்போடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. கண்ணைக் கொடுத்துச் செய்கிற அந்த வேலையின் பெயரைத் தறித்துணிக்குக் கொடுத்தால், வாங்குகிறவர் இரண்டையும் ஒன்றென்றுதான் நினைப்பார். எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஜக்கார்டில் பூ, துணியோடு சேர்ந்தே பிறக்கிறது. மலையிறங்கி, நெசவாளர் ஊரான சிறுமுகைக்குப் போனால் பார்க்கலாம். தறிக்கு மேலே ஒரு பெட்டி. பக்கத்தில் கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். மிதியை ஒரு மிதி மிதித்தால் ஓர் அட்டை முன்னே வரும். துளை உள்ள இடத்தில், நீளவாக்கில் ஓடும் பாவு இழை எழும், இல்லாத இடத்தில் கிடக்கும். நடுவே நாடா என்கிற கட்டை ஓடி, குறுக்கு இழையான ஊடையைப் போடும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை.

ஜக்கார்டை ‘விசைத்தறி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் பிழை. கைத்தறியிலும் இந்தப் பெட்டியைப் பூட்டுகிறார்கள், மின்சாரம் வேண்டியதில்லை. அகராதியைப் புரட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் ஒருநாள் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் இப்படி எழுதமாட்டார்கள்.

தமிழில்தான் வேண்டுமென்றால் அட்டைத்தறி என்பேன். பூவைத் தீர்மானிப்பது அட்டை; பெயரிலேயே வேலை தெரிகிறது. அட்டை இல்லாமல் கணினியில் ஓடும் புதுத் தறிக்கு இது பொருந்தாதுதான். அதற்கு ஜக்கார்டு என்றே இருக்கட்டும், நெசவாளர் வாயில் பழகிய சொல்தானே.

கடைக்காரரிடம் சொன்னேன். “அப்புறம் என்னங்க எழுதறது?” என்றார். ‘ஜக்கார்டு சால்வை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.