விரல் பட்டது ஒன்று, திறந்தது வேறொன்று

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பிரவுசிங் சென்டரில் மவுஸை வைத்து எந்தப் படிவத்தையும் நிரப்பிவிடுகிறேன். வீட்டு டேப்லெட்டில் ஒரு தேதியைத் தொட்டால் பக்கத்துத் தேதி விழுகிறது. உடம்பில் சூடு கம்மி என்கிறார்கள். உண்மையா?"

இல்லை. தொடுதிரைக்குச் சூடும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு எனும் ஒளி ஊடுருவும் கடத்தி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாக ஓடுகிறது. கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் குட்டி மின்தேக்கிகள், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் இடங்கள். விரல் நெருங்கினால் அங்கே மின்தேக்குத் திறன் சற்றுக் குறையும். அதை ஒரு சிப் நொடிக்குப் பலமுறை அளந்துகொண்டே இருக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கோடுகளுக்கு இடையே சுமார் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி. ஆனால் சிப் சொல்லும் இடமோ ஒரு மில்லிமீட்டருக்குள் துல்லியம்! விரல் ஒரே நேரத்தில் பல சந்திப்புகளைத் தொந்தரவு செய்கிறது, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவில். திருவொற்றியூரில் சாமி தூக்குகிறவர்களிடம் யார் தோளில் எவ்வளவு பாரம் என்று கேட்டாலே, கண்ணை மூடிக்கொண்டு பாரத்தின் மையம் எங்கே என்று சொல்லிவிடலாம். சிப் போடும் கணக்கும் அதுதான்.

1965-லேயே இ. ஏ. ஜான்சன் இத்தகைய தொடுதிரையை விவரித்துவிட்டார். இங்கிலாந்து அரசின் ரேடார் ஆய்வுக்கூடத்தில், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக. 'உடனே என்ன லாபம்' என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, கணக்கு சரியென்றால் தேதி ஏன் மாறுகிறது? சிப் கண்டுபிடிப்பது விரல் பதிந்த பரப்பின் மையத்தை. நீங்கள் குறிவைத்ததை அல்ல. விரலைச் சாய்த்துத் தொடும்போது சதைப்பகுதி பதிகிறது. மையம், நாம் நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே விழுகிறது. குறியையும் விரலே மறைத்துவிடுகிறது. மென்பொருள் ஓரளவு திருத்தினாலும் அது ஊகம்தான். மவுஸ் அம்புக்கோ நுனி ஒரே ஒரு பிக்சல். பொத்தான்கள் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்கிறது ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதல். பல தளங்கள் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

இன்னொன்று, மவுஸால் அழுத்தாமல் சும்மா மேலே நிற்க முடியும். அப்படி நின்றால் விரியும் மெனுக்கள் விரலுக்குச் சரியாகத் திறப்பதில்லை. காசிமேட்டில் மீன் வாங்கிய ஈரக்கையோடு தொட்டால் இன்னும் மோசம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், சிப் குழம்பும்.

கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தைப் பெரிதாக்கித் தொட்டுப் பாருங்கள். பொறுமை போனால் பர்மா பஜாரில் ஒரு ஓ.டி.ஜி. இணைப்பான் (டேப்லெட்டில் யூ.எஸ்.பி. கருவிகளைச் செருக உதவுவது) வாங்கி, பழைய யூ.எஸ்.பி. மவுஸைச் செருகிவிடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் அம்புக்குறியே வந்துவிடும்.