மறுவாழ்வு முகாம் வீடுகள்: முதலில் கூரையைக் கவனியுங்கள்

பத்துக்குப் பத்து அடி அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்களில் மிகப் பலருக்குத் தமிழ்நாட்டு முகாம்களில் வாய்த்த வீடு இதுதான். ஐந்து பேர் கொண்ட குடும்பம் என்றால் தலைக்கு 2 சதுர மீட்டர்கூடத் தேறாது. பேரிடர்க் காலத் தங்குமிடங்களுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்பியர் கையேடு, சமையலுக்கும் குளியலுக்குமான இடம் நீங்கலாகத் தலைக்கு 3.5 சதுர மீட்டராவது வேண்டும் என்கிறது. அவசரத்துக்கு அமைக்கும் கூடாரத்துக்கே அந்த அளவு. இங்கே அதைவிடக் குறுகிய இடத்தில் ஒரு தலைமுறை பிறந்து, படித்து, திருமணமும் முடித்துவிட்டது.

முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. கட்டடப் பொறியாளனாக அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் காங்கிரீட் வீடு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் நம் துறையிலேயே இருக்கிறது. அது எனக்குக் கவலையளிக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நண்பகலில் கொதிக்கும். பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். காங்கிரீட் தளம் நேர்மாறானது. பகல் முழுவதும் வெயிலை உள்வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்கள் படுக்கும் நேரத்தில் அறைக்குள் இறக்கும். கூலி வேலைக்குப் போய் வந்த உடம்புக்கு இரவுத் தூக்கமும் போய்விடும். இதற்குத் தீர்வு நம் ஊர்க் கொத்தனார்களுக்குத் தெரியாததல்ல. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதிக்கலாம். அதற்குப் பணம் இல்லையென்றால், வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சையாவது கோடைக்கு முன் அடிக்கலாம். மதிப்பீட்டில் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த வரிதான். தரைக்குப் பளபளக்கும் டைல்ஸைத் தவிர்த்து அந்தப் பணத்தைக் கூரைக்குக் கொடுங்கள் என்பேன்.

நான் பார்த்த முகாம் ஒன்றில் ஓர் அம்மா, ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் தென்னோலைக் கிடுகு பரப்பி, காற்றில் பறக்காமல் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டியிருந்தார். மேற்குச் சுவரையொட்டி ஒரு முருங்கை. குளிக்கும் தண்ணீர் அதன் வேருக்குப் போகும்படி கையகலத்தில் ஒரு வாய்க்கால். உள்ளே நின்றபோது பக்கத்து வீட்டைவிட வெக்கை குறைந்திருந்தது நன்றாகவே தெரிந்தது. புது வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, “சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை தம்பி, குசினி தனியாக வேண்டும்” என்றார். ஒரே அறைக்குள் விறகுப் புகையோடு பிள்ளைகளைப் படுக்க வைத்த தாய் சொல்வது அது. வரைபடம் போடும் முன் இப்படிப்பட்ட பத்து வீட்டுப் பெண்களிடம் உட்கார்ந்து பேசினால், பாதி வடிவமைப்பு முடிந்துவிடும்.

நிலம் குறைவு என்பதற்காக நான்கு வீடுகளை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினால், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சுவர் இரண்டுதான் மிஞ்சும். காற்று ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப்பக்கம் வெளியேற வழியில்லை. அப்படிக் கட்டியே ஆக வேண்டுமானால், இரண்டு வெளிச்சுவர்களிலும் ஜன்னல் வையுங்கள். சூடான காற்று மேலேறி வெளியேறத் தளத்தையொட்டி வெண்டிலேட்டரும் வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு ஆழமான சன்ஷேடு தேவை. வேலை தொடங்கும் முன் இருக்கும் மரங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றைக் காப்பாற்றுவதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வெட்டிய வேம்பு மீண்டும் நிழல் தர எத்தனை கோடை ஆகும்!

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் போன்ற கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும். அங்கே கழிப்பறைக் குழியை ஆழமாகத் தோண்டினால் கழிவு நேராகக் குடிநீர்க் கிணற்றுக்குப் போகும். ஆழம் குறைந்த, தரையிலிருந்து உயர்த்திய அமைப்புதான் அங்கே பொருந்தும்.

பழைய கூரையைப் பிரிப்பதிலும் கவனம் தேவை. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகள் கோழிக்கூண்டாகவும் குளியல் மறைப்பாகவும் மறுபடி முகாமுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. உடையும்போது பறக்கும் இழை நுரையீரலுக்குள் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். ஷீட்டை நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். சுத்தியலால் தட்டிக் கீழே தள்ளக் கூடாது. வேலை செய்பவர்களுக்கு முகக்கவசம் கொடுப்பதும், கழிவைக் கட்டி அப்புறப்படுத்துவதும் ஒப்பந்ததாரரின் பொறுப்பு. அது முடியாமல் இறுதிப் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.