டேப் மென்பொருள் வாசித்துவிடும், விரல் எட்டுமா?

கிட்டார் கற்க வருகிறவர்களில் பலர் இப்போது ஒரு டேப் (tab: எந்தக் கம்பியில் எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று எண்ணால் காட்டும் குறிப்பு) கோப்போடுதான் வருகிறார்கள். கிட்டார் ப்ரோ, டக்ஸ்கிட்டார், மியூஸ்ஸ்கோர் என எந்த மென்பொருளில் திறந்தாலும் பாட்டு சரியாகவே கேட்கிறது. கையில் வாசிக்கப் போனால்தான் விரல் எட்டுவதில்லை. தனக்குக் கை வரவில்லை என்று மாணவர் மனம் தளர்ந்துபோகிறார். அந்த நேரத்தில் நான் முதலில் பார்ப்பது அவர் கையை அல்ல, கோப்பைத்தான்.

பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டைதான். கிட்டாரில் அப்படியில்லை. முதல் கம்பியை, அதாவது மிக மெல்லிய கம்பியை, எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் ‘ஈ’ சுரம், இரண்டாம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்), மூன்றாவதில் 9இலும், நான்காவதில் 14இலும் கிடைக்கும். ஐந்தாவதில் 19 வரை போனால் அங்கேயும் உண்டு. ஒலியின் நிறம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஆனால் கைக்கு இவை வெவ்வேறு இடங்கள்.

மிடி கோப்பில், அதாவது இசையை ஒலியாக அல்லாமல் குறிப்புகளாகச் சேமிக்கும் கோப்பில், எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பது இருக்கும். எந்தக் கம்பி என்பது பொதுவாக இருக்காது. அதை டேப்பாக மாற்றும்போது மென்பொருளே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. கையை ஒரே இடத்தில் வைத்து வாசிக்கக்கூடிய வரி, இப்படித்தான் கழுத்து முழுக்க ஓட வேண்டியதாகிவிடுகிறது. ஆறாம் கம்பியில் 1, முதல் கம்பியில் 9 என்று ஒரே நேரத்தில் வரும்படி எழுதினாலும் மென்பொருள் தயங்காமல் வாசித்துவிடும். அதை நம்பி மணிக்கட்டை வலிக்க வலிக்க இழுக்காதீர்கள்.

எழுதும்போது கிட்டார் மடியில் இருக்கட்டும். ஒவ்வொரு பாரையும் (தாளக் கணக்கில் பிரித்த ஒரு கட்டம்) வாசித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சுரம் மாறாமல் எண்ணைப் பக்கத்துக் கம்பிக்கு நகர்த்தும் வசதி மேலே சொன்ன மூன்று மென்பொருள்களிலுமே உண்டு.

அப்புறம், வயலின் அல்லது பியானோ நோட்டேஷனைப் பார்த்து எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்டார் ஒலிப்பது எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே. அதனால்தான் கிட்டாருக்கான நோட்டேஷன் வரியின் தொடக்கத்தில் வரும் க்ளெஃப் குறியின் அடியில் சின்னதாக 8 போடுகிறார்கள்.

பயிற்சிக்கு, கடினமான இரண்டு பார்களை மட்டும் லூப்பில் போட்டு, வேகத்தை 60 சதவீதத்துக்குக் குறையுங்கள். கை பழகியதும் கிட்டார் ட்ராக்கை மியூட் செய்துவிட்டு, பேஸும் ட்ரம்ஸும் ஓட நீங்களே வாசியுங்கள்.