போர்ட் டால்பட்டின் புது உலையும் துளிச் செம்பும்

"பழைய இரும்பை உருக்கும் உலைக்கு பிரிட்டன் அரசு 50 கோடி பவுண்டு கொடுக்கிறதே, காயலான் கடை இரும்பிலிருந்து புதுக் காருக்குத் தகடு எடுக்க முடியுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். ஆனால் பழைய கார்களின் மோட்டாரிலும் வயரிங்கிலும் இருந்து இரும்போடு கலந்து வரும் செம்பு குறுக்கே நிற்கிறது.

பின்னணி தெரிந்ததுதான். வேல்ஸில் உள்ள போர்ட் டால்பட்டில் டாட்டா ஸ்டீலின் கடைசி ஊது உலை 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. தாதுவிலிருக்கும் ஆக்சிஜனைக் கரியைக் கொண்டு பிடுங்குவதுதான் ஊது உலையின் வேலை. அதனால் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதற்குப் பதிலாக 125 கோடி பவுண்டு செலவில் ஆண்டுக்கு 30 லட்சம் டன் எஃகு தரும் மின்வில் உலை, அதாவது மின்பொறியின் சூட்டால் பழைய இரும்பை உருக்கும் உலை, வருகிறது. பழைய இரும்பில் ஆக்சிஜனை ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது, உருக்கினால் போதும். அதனால் புகை பல மடங்கு குறையும்.

உருகிய இரும்பில் ஆக்சிஜனை ஊதினால் சிலிக்கான், அலுமினியம், மாங்கனீசு எல்லாம் எரிந்து கசடாக மேலே மிதக்கும். துத்தநாகம் ஆவியாகிப் போய்விடும். செம்பு மட்டும் அசையாது. ஆக்சிஜன் மீது இரும்புக்கு இருக்கும் நாட்டம்கூடச் செம்புக்குக் கிடையாது. செம்பை எரித்து வெளியேற்ற நினைத்தால் அதற்குமுன் இரும்பு முழுவதும் எரிந்து தீர்ந்திருக்கும்.

அந்தச் செம்பால் என்ன கெடுதல்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வார்த்த எஃகுப் பாளத்தை உருளைகளுக்கு இடையே விட்டுத் தகடாக்குமுன் சுமார் 1,200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவார்கள். அப்போது மேற்பரப்பிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து செதில் செதிலாக ஆக்சைடாகும். செம்பு ஆக்சைடாகாமல் அங்கேயே தங்கும். உப்பளத்தில் நீர் ஆவியாக ஆக உப்பு மிஞ்சிக் கெட்டிப்படுவதைப் போல, செதிலுக்கு அடியில் செம்பு சேர்ந்துகொண்டே போகும். திட இரும்பு ஓரளவுக்கு மேல் செம்பைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது. மிச்சம் தனியே பிரியும். செம்பின் உருகுநிலை 1,085 டிகிரி, பாளத்தின் சூடோ அதைவிட அதிகம். ஆகவே அது திரவமாகி, எஃகின் படிக மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகள் வழியே உள்ளே கசியும். உருளை அழுத்தியதும் மணிகள் ஒன்றையொன்று விட்டு விலகி, பரப்பு முழுக்க வெடிப்புகள் விழும். வெள்ளீயமும் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், இரும்புக்குள் செம்பு கரையும் அளவை அது குறைத்துவிடும். நிக்கல் சேர்த்தால் அந்த அளவு கூடும். ஆனால் நிக்கல் விலை அதிகம்.

கட்டடக் கம்பி 0.4 சதவீதம் வரை செம்பைத் தாங்கும். கார் தகட்டில் அது சுமார் 0.06 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது ஒரு டன்னுக்கு 600 கிராம். அரவை இயந்திரத்தில் நொறுக்கிய பழைய கார்களில் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். நொறுக்கியபின் காந்தத்தால் பிரிக்கிறார்களே என்று தோன்றலாம். மோட்டாரின் இரும்பு மையத்தில் சுற்றிய செம்புக் கம்பி, நொறுங்கும்போது அந்த இரும்போடு உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். காந்தம் இரும்பை இழுக்க, செம்பும் கூடவே வந்துவிடும். கையால் ஆள் பொறுக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ்-கதிர் கருவி வேண்டும். அதுவும் போதாதபோது, தாதுவிலிருந்து எடுத்த புது இரும்பைக் கலந்து செம்பின் விகிதத்தைக் குறைக்கிறார்கள். அந்தப் புது இரும்பை நிலக்கரி கொண்டு எடுத்திருந்தால், குறைத்த புகையில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும்.

அதனால்தான் அரசுப் பணம் உலையோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன். பிரிட்டன் ஆண்டுதோறும் 80 லட்சம் டன் அளவுக்குப் பழைய இரும்பை ஏற்றுமதி செய்கிறது. அதை உள்நாட்டிலேயே தரம் பிரிக்கும் கூடங்களுக்கும், உருகிய எஃகிலிருந்து செம்பைப் பிரிக்கும் வழிதேடும் ஆய்வகங்களுக்கும் நிதி ஒதுக்க வேண்டும். போர்ட் டால்பட்டில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருக்கும் நேரத்தில், பிரிக்கும் கூடங்கள் அங்கேயே அமைவது நியாயமும்கூட. காரை நொறுக்குமுன் மோட்டார்களையும் வயரிங்கையும் சுலபமாகக் கழற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்று கார் நிறுவனங்களுக்கு அரசு விதி போடலாம். அதற்கு மானியம்கூடத் தேவையில்லை.